விரிகுடாக் காவலும் ஊதியம் பெறாத் தலைமையும்

நதிக்கு ஒரு வாரியம் உண்டு; துறைமுகத்துக்கு ஓர் அதிகார சபை உண்டு; காட்டுக்கு ஓர் இலாகா உண்டு. ஆனால் நதியும் துறைமுகமும் சதுப்பும் நகரமும் ஒன்றையொன்று சந்திக்கின்ற விரிகுடாவுக்கு, அதன் முழுமையையும் மனத்திற்கொண்டு வாதாடுவதற்கென்று ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெரும்பாலும் இருந்ததில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அந்த இடத்தை நிரப்ப முன்வந்தவர்களில் முதன்மையானவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் அல்லர், கடலியல் விஞ்ஞானிகளும் அல்லர். சம்பளமென்று ஒரு காசும் பெறாமல், தம் வீட்டுக் கூடத்தையே சபா மண்டபமாக்கிக்கொண்டு வேலை தொடங்கிய சாதாரணக் குடிமக்கள்.

இத்தகைய தலைமையைச் செலவின்றிக் கிடைக்கும் உழைப்பென்று கருதிப் போற்றுவோர் பலர்; தேர்ச்சியற்றவர்களின் பொழுதுபோக்கென்று கருதி ஒதுக்குவோர் சிலர். இவ்விரு அபிப்பிராயங்களும் விஷயத்தின் மையத்தைத் தொடுவதில்லை. ஊதியம் பெறாத் தலைமையின் மெய்யான பெறுமதி அதன் சுதந்திரத்திலே இருக்கிறதென்பதும், அந்தச் சுதந்திரம் எங்கிருந்து பிறக்கிறதோ அங்கிருந்தே அதன் குறையும் பிறக்கிறதென்பதும் இக்கட்டுரை ஆராய முற்படும் கருத்துக்கள். அதற்கு முதன்மையான சான்றாகச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வரலாற்றையும், ஒப்புநோக்குக்காகச் செசபீக், நாராகன்செட், டாம்பா ஆகிய விரிகுடாக்களின் அனுபவத்தையும் எடுத்துக்கொள்வோம்.

சுருங்கிவந்த நீர்ப்பரப்பு

1849ல் பொன் வேட்டைக்காரர்கள் கலிபோர்னியாவில் வந்து குவிந்தபொழுது, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிலும் ஏறத்தாழ 1,90,000 ஏக்கர் உவர்ச் சதுப்பு நிலம் ஓதத்தில் மூழ்குவதும் வெளிப்படுவதுமாகக் கிடந்தது. சியரா நெவாடா மலைச்சரிவுகளை நீர்ப்பீரங்கியால் உடைத்துப் பொன் அரித்த சுரங்கக் கம்பெனிகளை 1884ல் நீதிமன்றம் தடுத்து நிறுத்தும் வரையில், அவை ஆறுகளில் தள்ளிய சேறும் கல்லும் கீழிறங்கி வந்துகொண்டேயிருந்தன. இவ்வாறு விரிகுடாவின் அடியில் வந்து படிந்த மண் நூறு கோடி கன கஜத்துக்கும் அதிகமென்று புவியியலறிஞர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1917ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கணக்கிட்டார். அதற்குப் பின் வந்த தலைமுறைகள் சதுப்பைச் சுற்றிக் கரை கட்டி உப்பளமாகவும் வயலாகவும் மாற்றின. கரையோர நகரங்கள் தத்தம் குப்பையைக் கொட்டியே நிலம் எடுத்தன. விமான நிலையங்களும் துறைமுகங்களும் கடலைத் தூர்த்தே எழும்பின. 1960க்குள் விரிகுடா தன் பழைய பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது.

இதில் எவரும் குற்றம் காணவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. விரிகுடாவில் மூன்றில் இரண்டு பங்கு பதினெட்டு அடிக்கும் குறைந்த ஆழமுடையது. ஆகவே அதைத் தூர்ப்பது சுலபமாகவும் லாபகரமாகவும் இருந்தது. ஜான் ரீபர் என்ற நாடகத் தயாரிப்பாளர் விரிகுடாவின் குறுக்கே இரண்டு பெரும் அணைகளைக் கட்டி, உப்பு நீரை நன்னீர் ஏரிகளாக்கலாமென்று வகுத்த திட்டத்தைப் பெரிய மனிதர்கள் பலர் மெய்யான யோசனையாகவே பரிசீலித்தனர். அதைச் சோதிப்பதற்கென்றே ராணுவப் பொறியாளர் படை 1957ல் சாசலிட்டோவில் விரிகுடாவின் மாதிரி வடிவமொன்றை ஓர் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைத்து, திட்டம் பலிக்காதென்று கண்டது. அந்தப் படைக்காக 1959ல் தயாரிக்கப்பட்ட ஓர் அறிக்கை, தூர்க்கத் தக்க ஆழம் குறைந்த பகுதிகளையெல்லாம் குறித்துக் காட்டியது. அதை ஆதாரமாகக் கொண்டு பத்திரிகையில் வெளிவந்த வரைபடத்தில், 2020ல் எஞ்சியிருக்கக் கூடிய விரிகுடா ஓர் அகன்ற ஆற்றைப் போலவே தோன்றியது. கிழக்குக் கரையிலுள்ள பெர்க்லி நகரசபை மட்டுமே சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்துத் தன் நகரத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கத் திட்டமிட்டிருந்தது.

மூன்று பெண்மணிகளின் பிரயாசை

பெர்க்லிக் குன்றுகளின் மேல், விரிகுடாவைப் பார்த்தவாறு அமைந்த வீடுகளில் வசித்த மூன்று பெண்மணிகள் இத்திட்டத்தைக் கண்டு கலங்கினர். கே கெர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெரின் மனைவி. சில்வியா மெக்லாக்லினின் கணவர் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு உறுப்பினரும் சுரங்கக் கம்பெனித் தலைவருமாவார். எஸ்தர் குலிக் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவரின் மனைவி. 1961ன் தொடக்கத்தில் இவர்கள் குலிக்கின் இல்லத்தில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களின் தலைவர்களை அழைத்து நிலைமையை எடுத்துரைத்தனர். சியரா கிளப்பின் டேவிட் பிரவர் உட்பட வந்திருந்தவர்கள் யாவரும் காரியம் முக்கியமானதே என்று ஒப்புக்கொண்டனர். ஆயினும் ஒரு சங்கத்துக்கு மலைவனங்கள் இருந்தன, இன்னொன்றுக்குச் செம்மரக் காடுகள் இருந்தன, மற்றொன்றுக்குப் பறவைகள் இருந்தன. விரிகுடாவை ஏற்க எவருக்கும் கை ஒழிந்திருக்கவில்லை. தங்கள் அங்கத்தினரின் விலாசப் பட்டியல்களைக் கொடுத்து உதவி, வாழ்த்துக் கூறி அவர்கள் விடைபெற்றனர். பொறுப்பு அழைத்தவர்களிடமே திரும்பி வந்து சேர்ந்தது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைக் காக்கும் சங்கம் இவ்வாறு பிறந்தது. ஆண்டுச் சந்தா ஒரு டாலர். பணம் திரட்டுவதைவிட எண்ணிக்கை திரட்டுவதே நோக்கமாதலின், தொகை அவ்வளவு சிறியதாக வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் ஒரு கருத்தில் நிற்கின்றனர் என்பதற்கு அந்தப் பட்டியலே அத்தாட்சியாயிற்று. நகரசபைக் கூட்டங்களில் இவர்கள் தவறாமல் சென்று அமர்ந்தனர். எதிர்ப்பதற்கு முன் படித்தனர். படித்ததை எளிய துண்டுப் பிரசுரங்களாக்கி அங்கத்தினருக்கு அனுப்பினர். சில ஆண்டுகளுக்குள் பெர்க்லி நகரசபை தன் திட்டத்தைக் கைவிட்டது.

ஆனால் ஒரு நகரத்தைத் தடுத்தால் மற்றொரு நகரம் தூர்க்கும் என்பதை இவர்கள் விரைவில் உணர்ந்தனர். விரிகுடா முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டுமென்ற முடிவுக்கு வந்தது இந்த உணர்வினால்தான். பிற்காலத்தார் கற்றுக்கொள்ள வேண்டிய விவேகமும் இதுவே. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல் ஸ்காட் 1963ல் எழுதி வெளியிட்ட ஆய்வு நூல் அதற்கு அறிவாதாரமாயிற்று. கே கெர், செல்வாக்கு மிக்க மாநில செனட்டர் யூஜீன் மக்கட்டீரை அணுகினார்; மக்கட்டீரின் முயற்சியால் 1964ல் ஆய்வுக் கமிஷனொன்று அமைந்தது. வானொலி அறிவிப்பாளர் டான் ஷெர்வுட் நேயர்களைக் கடிதம் எழுதும்படி தூண்ட, சட்டசபையில் கடிதங்கள் மலைபோல் குவிந்தன. 1965ல் மக்கட்டீர்-பெட்ரிஸ் சட்டம் நிறைவேறி, விரிகுடாப் பாதுகாப்பு மற்றும் அபிவிருத்திக் கமிஷன் தற்காலிகமாகத் தோன்றியது; அது வகுத்த திட்டத்தின் பேரில் 1969ல், ரொனால்ட் ரீகன் கவர்னராயிருந்தபொழுது, நிரந்தரமாக்கப்பட்டது. இருபத்தேழு அங்கத்தினர் கொண்ட அந்தக் கமிஷனின் அனுமதியின்றி விரிகுடாவில் இனி ஒரு கூடை மண்ணும் விழலாகாது என்ற நிலை ஏற்பட்டது. சான் புரூனோ மலையின் முகட்டை வெட்டி, மேற்குக் கரை நெடுகிலும் கடலைத் தூர்க்க டேவிட் ராக்கஃபெல்லர் முதலிய முதலாளிகள் சேர்ந்து வகுத்த பெருந்திட்டமும் நிறைவேறாமற் போயிற்று.

சுதந்திரமும் சட்டக் கடமையும்

இந்த வெற்றிக்குக் காரணம் என்ன? உற்சாகம் என்று சொன்னால் போதாது. தூர்ப்பதற்குத் திட்டமிட்டவர்களிடமும் உற்சாகம் குறைவாயிருக்கவில்லை. தம் ஜீவனத்துக்கு எந்தக் கம்பெனியையும் எந்த இலாகாவையும் எதிர்பாராதவர்கள் சமரசத்தை மறுக்கவும், வேண்டிய சமயத்தில் ஏற்கவும் தாமே தீர்மானிக்க முடிந்தது என்பதே உண்மைக் காரணம். 1961ல் நாற்பதுகளில் இருந்த சில்வியா மெக்லாக்லின் 2007ல், தம் தொண்ணூறாவது வயதில், பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அருகிலிருந்த கருவாலி மரங்களை வெட்டக்கூடாதென்று அவற்றில் ஒன்றின் மீதே ஏறி அமர்ந்தார். தம் கணவர் ஆட்சிக்குழுவில் வீற்றிருந்த அதே பல்கலைக்கழகத்தை எதிர்க்க அவர் தயங்கவில்லை.

அமெரிக்கச் சட்டமும் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு வடிவம் தந்திருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனத்தின் உச்ச அதிகாரம் அதன் டைரக்டர் போர்டிடமே இருக்கிறது. அப்போர்டில் அமர்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. கலிபோர்னியாவில் பொதுநல ஸ்தாபனங்களின் போர்டில், அந்த ஸ்தாபனத்திடமே சம்பளம் பெறுவோரும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் நூற்றுக்கு நாற்பத்தொன்பது பேருக்கு மேல் இருத்தலாகாதென்பது விதி. போதிய விசாரணையோடு முடிவெடுக்கும் கவனம், சொந்த லாபத்தைக் கலவாத விசுவாசம், ஸ்தாபனத்தின் நோக்கத்துக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்படிதல் என்று மூன்று கடமைகள் அவர்கள் மேல் உண்டு. தேர்தலில் எந்த வேட்பாளருக்காகவும் ஸ்தாபனம் உழைத்தலாகாது. சட்டமியற்றும்படி சட்டசபையை வேண்டலாம், அதுவும் ஓர் அளவுக்குள். நன்னம்பிக்கையோடு பணிபுரியும் தொண்டர் மீது சாதாரணக் கவனக்குறைவுக்காக நஷ்டஈட்டு வழக்குத் தொடுப்பதை 1997ல் இயற்றப்பட்ட சட்டமொன்று கட்டுப்படுத்தியது.

ஆகவே ஊதியம் பெறாத் தலைவருக்கு இரண்டு முகங்கள் உண்டு. சதுப்புக் கரையில் கையுறை அணிந்து களை பிடுங்கவும், நம் உப்பளக் கரைகளில் வளரும் உமரிக்கு உறவான செடியினத்தை நடவும் வரும் தொண்டர் ஒரு முகம். கணக்கைத் தணிக்கை செய்வித்து, நிர்வாக டைரக்டரை நியமித்து, அவருடைய வேலையை ஆண்டுதோறும் மதிப்பிட்டு, தேவையானால் விலக்கவும் செய்யும் நிர்வாகசபை அங்கத்தினர் மற்றொரு முகம். முதலாவது முகத்தின் சிறப்பைப் பத்திரிகைகள் எப்பொழுதும் பாராட்டுகின்றன. ஸ்தாபனத்தின் ஆயுள் நிர்ணயமாவது இரண்டாவது முகத்தினால்தான்.

தடுப்பது வேறு, சீர்ப்படுத்துவது வேறு

நாராகன்செட் விரிகுடாக் காவற் சங்கம் 1970ல் தோன்றியதும் ஒரு தடுப்புப் போரிலேதான்: ரோட் ஐலண்டு மாநிலத்தின் டிவர்ட்டன் என்ற இடத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வராமற் செய்வது அதன் முதல் வேலைகளில் ஒன்று. இடமும் எதிரியும் கண்ணுக்குத் தெரிகின்ற இத்தகைய சந்தர்ப்பங்களில் தொண்டர் தலைமை மிகவும் பயன்படுகிறது. ஆனால் எல்லா விரிகுடாக்களின் நோயும் இவ்வாறு ஓரிடத்தில் நின்று காட்சி தருவதில்லை.

செசபீக் விரிகுடாவின் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் ஆறு மாநிலங்களிலும் தலைநகரப் பகுதியிலுமாக 64,000 சதுர மைல் பரந்தது. கோழிப் பண்ணைகளிலிருந்தும் சோள வயல்களிலிருந்தும் நகரத் தெருக்களிலிருந்தும் வழிந்தோடி வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் பாசியைப் பெருக்கி, அது அழுகும்பொழுது பிராணவாயுவைக் குடித்து, கோடையில் ஆழநீரை உயிரற்றதாக்குகின்றன. 1967ல் தொடங்கிய செசபீக் விரிகுடா ஸ்தாபனம் இந்த நோயோடு போராடுவதற்கு விஞ்ஞானிகளையும் வக்கீல்களையும் ஆசிரியர்களையும் சம்பளத்துக்கு அமர்த்தவேண்டியதாயிற்று. 1983ல் மாநிலங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதனாலும் பிற ஒப்பந்தங்களாலும் போதிய பலன் விளையாததால் ஸ்தாபனம் 2009ல் மத்திய சுற்றுச்சூழல் இலாகாவின் மேல் வழக்குத் தொடுத்தது. அதன் பின் 2010ல் விரிகுடா தாங்கத்தக்க மாசின் உச்ச அளவு மாநிலத்துக்கு மாநிலம் நிர்ணயிக்கப்பட்டு, 2025 கெடுவாக வைக்கப்பட்டது. முன்னேற்றம் உண்டெனினும், கெடுவுக்குள் இலக்கு நிறைவேறவில்லை. பண்ணைதோறும் நிகழும் தவற்றைச் சபைக் கூட்டத்தில் எழுந்து பேசித் தடுக்க முடியாதென்பதற்குச் செசபீக்கைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

டாம்பா விரிகுடா இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உதாரணம். கழிவுநீரால் கலங்கி நாற்றமெடுத்த விரிகுடாவைப் பற்றிக் குடிமக்கள் எழுப்பிய கூக்குரலின் பயனாக 1972ல் ஃபுளோரிடாச் சட்டசபை உயர்தரச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் டாம்பா நகரின் மேம்படுத்தப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் வேலை தொடங்கியது. நீர் தெளிந்தது, தெளிந்த நீரில் வெளிச்சம் இறங்கியது, வெளிச்சம் இறங்கிய இடத்தில் கடற்புல் மீண்டும் முளைத்தது. 2010களின் நடுவில் அதன் பரப்பு 1950களின் அளவை எட்டியது. பின்னர் அது மறுபடியும் குறைந்தது, இத்தகைய காரியத்தில் முடிவான வெற்றி என்று ஒன்று இல்லையென்பதைக் காட்டுகிறது.

மூன்று அனுபவங்களையும் சேர்த்து நோக்கினால், ஸ்தாபனம் வளர வளரத் தொண்டர் தலைமை அழிந்துபோவதில்லை, இடம்பெயர்கிறது என்பது விளங்கும். தொடக்கத்தில் கடிதம் எழுதியவரே கணக்கும் எழுதினார். கூட்டத்துக்கும் அவரே சென்றார். பிறகு ஊழியர்கள் வந்ததும், அவர்கள் வேலையில் தலையிடாமலும் அவர்களைக் கண்மூடி நம்பாமலும் இருக்கும் கடினமான நடுநிலையை அவர் கற்றாக வேண்டும். இந்த மாற்றத்தைச் சகிக்க முடியாத முதற்றலைமுறையினரால் தடுமாறிய சங்கங்கள் உண்டு. அதற்கு மாறாக, போர்டில் அமர்வோர் தாமும் பணம் கொடுக்கவேண்டும், செல்வந்த நண்பர்களிடமும் பெற்றுத்தரவேண்டும் என்ற எழுதாத விதியினால், விரிகுடாவை அறிந்தவர் குறைந்து பணப்பையை அறிந்தவர் மிகுந்த சங்கங்களும் உண்டு. இரண்டாவது கேடு முதலாவதைவிடப் பெரிது. ஏனெனில், கரையோரத்தில் கட்டடம் எழுப்ப விரும்புகிறவரிடமே நன்கொடை வாங்கிப் பழகிய சபை, நாளை அவரை எதிர்த்து வாதாட நேர்ந்தால் வாயடைத்து நிற்கும். ஊதியம் வாங்காமலே சுதந்திரத்தை இழந்த நிலை அது.

ஓய்வு யாருக்கு வாய்க்கிறது?

இனி, சுதந்திரத்தின் மறுபுறத்தைப் பார்ப்போம். ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கு முதலில் வேறு ஊதியம் வேண்டும், பகற்பொழுது வேண்டும், செனட்டரை நேரில் காணும் அந்தஸ்து வேண்டும். 1961ன் மூவருக்கும் இவை வாய்த்திருந்தன. அவற்றைப் பொதுக்காரியத்துக்குச் செலவிட்டது அவர்கள் பெருமையே; ஆயினும், குன்றின் மேலிருந்து காணும் விரிகுடாவும், கரையோரத் தொழிற்பேட்டையிலிருந்து காணும் விரிகுடாவும் ஒன்றல்ல. சான் பிரான்சிஸ்கோவின் ஹண்டர்ஸ் பாயிண்டில் கடற்படையின் கப்பல் கட்டும் தளம் கதிரியக்க மாசையும் நச்சுப் பொருள்களையும் விட்டுச் சென்றது. 1989ல் அது நாட்டின் மிகக் கேடான நச்சுத் தலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதைச் சூழ்ந்து வாழ்ந்தவர்களில் கறுப்பின மக்களே மிகுதி. அவர்களுக்கு விரிகுடாவைக் காப்பதென்பது காட்சியைக் காப்பதன்று, மூச்சைக் காப்பது. நடுத்தர வகுப்பைச் சேர்ந்த வெள்ளையர்களே பெரும்பாலும் நிரம்பியிருந்த அக்காலத்துப் பாதுகாப்புச் சபைகளில் இவர்கள் குரல் கேட்கவில்லை.

இவர்கள் எல்லாருக்கும் முற்பட்டவர்கள் ஓலோனிப் பூர்வகுடிகள். விரிகுடாக் கரையில் அவர்கள் முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவித்த சிப்பி மேடுகள் நானூற்றுக்கு மேற்பட்டவை 1909ல் கணக்கிடப்பட்டன. அவற்றில் மிகப் பல பின்னர் சமன் செய்யப்பட்டுவிட்டன. பூர்வகுடிப் பெண்களின் தலைமையில் இயங்கும் சோகோரியா தே நில அறக்கட்டளை, பெர்க்லியின் மேற்குப் பகுதியில் வாகன நிறுத்துமிடமாகக் கிடந்த சிப்பி மேட்டு நிலத்தை நெடிய போராட்டத்துக்குப் பின் 2024ல் மீட்கும் நிலை வந்தது. அதுவும் தன்னார்வத் தலைமையே. ஆனால் அது ஓய்வினால் பிறந்ததன்று, உரிமையினால் பிறந்தது. காவற்சபைகள் தங்கள் வாசலைத் திறந்தால் இத்தகையோர் வந்து அமர்வார்கள் என்று எதிர்பார்ப்பது மட்டும் போதாது. கூட்டம் கூடும் நேரம், இடம், நன்கொடை நிபந்தனை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு முதலிய சில்லறை விஷயங்களில்தான் வாசல் திறந்திருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

விதியா, விரிகுடாவா?

இன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தலைவர்கள் ஒரு விசித்திரமான சோதனைக்கு ஆளாகியிருக்கின்றனர். கடல் மட்டம் உயர்கிறது. சதுப்பு நிலம் அதே வேகத்தில் உயரவில்லையானால் மூழ்கிவிடும். அதை உயர்த்த வண்டல் வேண்டும். வண்டல் வேண்டுமானால் விரிகுடாவில் மண்ணிட வேண்டும். மண்ணிடக்கூடாதென்றே பிறந்த இயக்கம், அளவறிந்து மண்ணிடுவதை ஆதரிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. 2019ல் கமிஷன், உயிரினங்களின் வாழிடத்தைச் சீரமைப்பதற்காக மேலும் தாராளமாக மண்ணிடுவதை அனுமதிக்கும்படி தன் திட்டத்தைத் திருத்திக்கொண்டது. 2003ல் கார்கில் கம்பெனியிடமிருந்து வாங்கப்பட்ட ஏறக்குறைய 15,000 ஏக்கர் உப்பளங்களைப் படிப்படியாகச் சதுப்பாக்கும் வேலையும் நடந்துவருகிறது. 2016ல் விரிகுடாவைச் சூழ்ந்த ஒன்பது கவுண்டிகளின் வாக்காளர்கள், நிலமொன்றுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு டாலர் வீதம் இருபது ஆண்டு வரி செலுத்த மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான பெரும்பான்மையில் இசைந்தனர். மொத்தம் 50 கோடி டாலர். சிறு வீட்டுக்கும் பெருங்கம்பெனியின் வளாகத்துக்கும் ஒரே வரியா என்ற ஆட்சேபம் அப்பொழுது எழுந்தது. அது நியாயமான ஆட்சேபமே. கரையோர நகரங்கள் யாவும் கடல் உயர்வை எதிர்கொள்ளும் திட்டத்தை 2034க்குள் வகுக்கவேண்டுமென்று 2023ல் மாநிலச் சட்டம் பணித்திருக்கிறது.

இந்தச் சூழ்நிலையில் நிர்வாகசபை அங்கத்தினரிடம் வேண்டப்படுவது பழைய வீரமன்று, விவேகம். முன்னோர் வகுத்த விதியை நேசிக்கிறவர் மண் என்ற சொல்லைக் கேட்டதுமே எதிர்ப்பார். விரிகுடாவை நேசிக்கிறவர், யார் இடும் மண், எங்கே இடும் மண், எதற்காக இடும் மண் என்று விசாரிப்பார். சீரமைப்பு என்ற பெயரில் கட்டட முதலாளி பின்வாசல் வழியே நுழைவதையும் கண்டுகொள்ளவேண்டும். அந்த அச்சத்தினால் மெய்யான சீரமைப்பைத் தடுக்காமலும் இருக்கவேண்டும். சம்பளம் பெறும் நிபுணர் கூறும் ஆலோசனையைப் புரிந்துகொள்ளும் கல்வியும், அதை மறுத்துக் கேட்கும் துணிவும் ஒருங்கே இல்லாத போர்டு இச்சோதனையில் தேறாது.

முடிவாகச் சொல்வதானால், ஊதியம் பெறாத் தலைமையை அது மிச்சப்படுத்தும் சம்பளத்தைக் கொண்டு அளக்கலாகாது. தன் கையிலுள்ள பொறுப்பை நிலைத்த பொதுச்சட்டமாகவும் பொது நிறுவனமாகவும் மாற்றி, அவற்றை விடாது கண்காணிக்கும் ஆற்றலைக் கொண்டே அளக்கவேண்டும். 1961ல் சங்கத்தைத் தொடங்கிய மூவரும் இன்று இல்லை. அவர்கள் பெற்றுத்தந்த கமிஷனும், அவர்கள் வழியில் வந்தோர் பெற்றுத்தந்த சீரமைப்பு நிதியும் இருக்கின்றன. இனி வரும் தலைமுறையின் கடமை காவற்சபைகளின் நாற்காலிகளில் அமர்வோரின் வட்டத்தை விரிவாக்குவது. மீனவரும், ஹண்டர்ஸ் பாயிண்டுத் தாய்மாரும், பூர்வகுடியினரும் ஆலோசனை கூறுவோராக மட்டுமின்றி, வாக்களித்து முடிவெடுப்போராகவே சபையில் அமரவேண்டும். அதற்குப் பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கவேண்டியிருந்தால் கொடுப்பதே முறை. கைக்காசு இழக்க முடியாதவரை வெளியே நிறுத்திவிட்டுக் காக்கப்படும் சுதந்திரம், சிலருடைய சுதந்திரமாக மட்டுமே இருக்கும்.